கடமை வேறு, கொடை வேறு

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பல சிமெண்டு ஆலைகள் நடக்கின்றன. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காணும் கம்பெனிகள், முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இது ஜகாத் போன்றதா எனச் சிலர் கேட்கின்றனர். அல்ல என்போம். ஜகாத், நிஸாபை எட்டி ஓராண்டு நிலைத்த செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை, அது வணக்கம். இது நாட்டுச் சட்டம்.

ஆயினும் இதில் நமக்கொரு பாடமுண்டு. சுரங்கத் தூசியை அடக்குவதும், தோண்டிய குழியைச் சீர்செய்வதும் பிற சட்டங்கள் விதித்த கடமைகள்; அச்செலவை இந்த 2 சதவிகிதத்தில் சேர்க்கலாகாது. அவ்வாறே, வீட்டு வேலைக்காரம்மாவின் சம்பளப் பாக்கியை ஜகாத்துக் கணக்கில் நாம் கழிக்கலாகாது. முதலில் அவருடைய ஹக்கு. பிறகே நம் கொடை.