பேறுகாலத்து நாற்பது நாட்கள்: மார்க்கம் எது, வழக்கம் எது?

எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ கடினமான பிரசவம் முடிந்து, முல்லா வீதிக்கும் காஜியார் வீதிக்கும் திரும்பும் நம் சகோதரிகள் வீட்டில் முதலில் கேட்பது "நாற்பது நாள்" என்ற சொல்லைத்தான். நாற்பது நாள் தொழுகை இல்லை. படி தாண்டக் கூடாது. உதிரம் எவ்வளவு போனாலும் இயல்புதான் என்று அந்த ஒரு சொல்லுக்குள் பலவற்றை அடக்கிவிடுகிறோம். இதில் தவறினால் தொழுகையும் போகும். சில வேளை உயிரும் போகும்.

நிஃபாஸின் சட்டம்

பிள்ளை பிறந்தபின் கருப்பையிலிருந்து வரும் உதிரமே நிஃபாஸ். அறுவை செய்து பிள்ளையை எடுத்திருந்தாலும் சட்டம் இதுவே. இதற்குக் குறைந்த அளவு நாட்கணக்கு இல்லை. கூடிய அளவு ஹனபி மத்ஹபில் 40 நாட்கள். ஷாபிஈ மத்ஹபில் 60 நாட்கள். ஆகவே நாற்பது என்பது காத்திருந்தே தீர வேண்டிய தவணையல்ல. 15ஆம் நாளில் உதிரம் முற்றிலும் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். நிஃபாஸில் விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை. ரமளான் நோன்புக்கு உண்டு.

காயமும் குளிப்பும்

தையலில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் அங்கே ஊற்ற வேண்டாம். மற்ற இடங்களைக் கழுவி, கட்டின்மேல் ஈரக் கையால் தடவ வேண்டும். ஷாபிஈ முறையில் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். தலையில் காயம்பட்ட ஒருவரைச் சலுகை இல்லை என்று கூறிக் குளிக்கவைத்து, அவர் இறந்துபோன செய்தி ஹதீஸில் வருகிறது. தெரியாதவர்கள் கேட்டறிந்திருக்கக் கூடாதா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்காகக் கடிந்துகொண்டார்கள்.

படி தாண்டலாமா?

ஹிஜ்ரி 10இல் ஹஜ் பயணத்தின்போது துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் அணியுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். பச்சை உடம்புக்காரியை வேலைக்கு அனுப்ப இது ஆதாரமல்ல. அவளுக்கு ஓய்வுதான் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போக நாற்பது நாள் தடை என்பது மார்க்கத்தில் இல்லை.

உணவு

பிரசவ வேதனையில் தனித்திருந்த ஹஜ்ரத் மர்யம் (அலை) அவர்களுக்கு இறைவன் காட்டியது பத்தியமல்ல. கனிந்த பேரீச்சம்பழமும் ஓடும் நீரும் மன ஆறுதலுமே. நாமோ வயிறு பெருக்கும் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிறோம். பாலூட்டுபவளுக்குத் தாகம் தீரக் குடிக்கக் கொடுங்கள். மீன், முட்டை, பருப்பு, கீரை கொடுங்கள். பிரசவத்துக்குப்பின் 180 நாட்கள் இரும்புச் சத்து மாத்திரை உண்ண வேண்டும் என்பது அரசுத் திட்டம், அதை நிறுத்தாதீர்கள். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் பிள்ளையின் தகப்பன்மீது கடமை என அல்பகரா அத்தியாயம் விதிக்கிறது. அது அவர் செய்யும் உபகாரமல்ல.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்து போகும் உதிரம், பெரிய கட்டிகள், காய்ச்சல், துர்நாற்றம், தையலில் சீழ், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். "நிஃபாஸ்தானே" என்று இருந்துவிடாதீர்கள். தொழுகை இல்லாத நாட்களைக் குறிக்கும் சொல் அது; ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றல்ல. இரண்டு வாரம் கடந்தும் ஓயாத அழுகையும் பிள்ளைமீது வெறுப்பும் இருந்தால் அதுவும் நோயே. தாயத்துத் தேடி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தொழுகைச் சட்டத்தை ஆலிமிடம் கேட்போம். உடம்பின் நிலையை மருத்துவரிடம் கேட்போம். பிள்ளை பெற்ற நம் பெண்மக்களுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.