லிபியா 2011: வெளிநாட்டுத் தலையீடு சரியா?
மேல்நிலை வகுப்புக்கான ஒரு விவாதப் பாடம்

பாடம்: அரசியல் அறிவியல், வரலாறு
தேவைப்படும் நேரம்: இரண்டு பாடவேளைகள்

கற்றல் விளைவுகள்
- ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு முடிவை எப்படி எடுக்கிறது என்பதை உண்மை நிகழ்வு ஒன்றின் வழியே விளக்குதல்.
- இறையாண்மை, மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு ஆகிய இரண்டும் மோதும் இடத்தை அடையாளம் காணுதல்.
- ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் கிடைத்த தகவல்களைக் கொண்டு மதிப்பிடப் பழகுதல்.

பாதுகாப்பு அவை, அதன் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகள், வீட்டோ அதிகாரம் என்று பாடம் நடத்தி முடிக்கும்போது ஒரு கேள்வி வருவதுண்டு. “ஒரு நாட்டின் ஆட்சியாளர் தன் மக்களையே கொல்கிறார் என்றால், மற்ற நாடுகள் உள்ளே போய்த் தடுக்கலாமா?” தடுக்கலாம் என்று நாம் சொன்னால், இறையாண்மை பற்றிக் கற்பித்தது என்னவாயிற்று என்பார்கள். கூடாது என்றால், 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது உலகம் வேடிக்கை பார்த்தது சரியா என்பார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை இல்லை. ஆனால் விடையைத் தேடும் முறையைக் கற்பிக்க முடியும். அதற்கு 2011இல் லிபியாவில் நடந்தவை நல்ல எடுத்துக்காட்டு. தீர்மானத்தின் சொற்கள், நாடுகள் அளித்த வாக்குகள், பின்விளைவுகள் எல்லாமே பதிவாகியுள்ளன. இந்தியாவும் அப்போது பாதுகாப்பு அவையில் நிரந்தரமில்லாத உறுப்பினராக இருந்து அந்த வாக்கெடுப்பில் பங்கேற்றது.

பின்னணி

வட ஆப்பிரிக்காவில் மத்திய தரைக்கடல் ஓரம் உள்ள நாடு லிபியா. 1911இல் இத்தாலி அதன் மீது படையெடுத்தது. 1951இல் விடுதலை பெற்றது. 1959இல் அங்கு பெரிய எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1969 செப்டம்பர் 1 அன்று 27 வயது இராணுவ அதிகாரியான முஅம்மர் கடாஃபி, மன்னர் இத்ரீசின் ஆட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். அடுத்த 42 ஆண்டுகள் அவரே ஆட்சியாளர்.

கடாஃபியை இரண்டு கோணங்களிலும் மாணவர்கள் பார்க்க வேண்டும். எண்ணெய் வருவாயில் கல்வி, மருத்துவம், குடிநீர்த் திட்டங்கள் வளர்ந்தன. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆப்பிரிக்க நாடுகளுள் லிபியா முன்னணியில் இருந்தது. அதே ஆட்சியில் அரசியல் கட்சிகளுக்கு இடமில்லை. 1996இல் திரிபோலியின் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே பயணிகள் விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதில் 270 பேர் இறந்தனர். அதற்காக ஐ.நா. தடைகளை லிபியா சந்தித்தது. 2003இல் பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிட்டதும் மேற்கு நாடுகள் கடாஃபியுடன் மீண்டும் கைகுலுக்கின.

கரும்பலகையில் எழுத வேண்டிய நாள்வரிசை (2011)

- ஜனவரி 14: துனிசியாவின் பென் அலி நாட்டை விட்டு வெளியேறினார்.
- பிப்ரவரி 11: எகிப்தின் முபாரக் பதவி விலகினார்.
- பிப்ரவரி 15: அபு சலீம் சிறையில் இறந்தோரின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் கைதானதை எதிர்த்து பெங்காசியில் போராட்டம் தொடங்கியது. சில நாள்களில் அது ஆயுதக் கிளர்ச்சியாக மாறியது.
- பிப்ரவரி 26: பாதுகாப்பு அவையின் தீர்மானம் 1970. ஆயுதத் தடை, சொத்து முடக்கம், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணை. இந்தியா உட்பட 15 நாடுகளும் ஆதரித்தன.
- மார்ச் 12: லிபிய வான்பகுதியில் விமானங்கள் பறக்கத் தடை விதிக்குமாறு அரபு லீக் கோரியது.
- மார்ச் 17: தீர்மானம் 1973.
- மார்ச் 19: பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா வான்தாக்குதலைத் தொடங்கின. மாத இறுதியில் நேட்டோ தலைமை ஏற்றது.
- ஜூன் 27: கடாஃபி, அவர் மகன் சைஃப் அல் இஸ்லாம், உளவுத்துறைத் தலைவர் ஆகியோர் மீது குற்றவியல் நீதிமன்றம் கைதாணை பிறப்பித்தது.
- ஆகஸ்ட்: திரிபோலி கிளர்ச்சியாளர் வசமானது.
- அக்டோபர் 20: சிர்ட் நகரில் கடாஃபி கொல்லப்பட்டார்.

தீர்மானம் 1973: சொன்னதும் சொல்லாததும்

பாடத்தின் மையம் இதுதான். முதலில் போர்நிறுத்தம் வேண்டும் என்றது தீர்மானம். விமானங்கள் பறக்கத் தடை விதித்தது. தாக்குதல் அபாயத்தில் உள்ள பொதுமக்களைப் பாதுகாக்க ‘தேவையான எல்லா நடவடிக்கைகளையும்’ எடுக்க உறுப்பு நாடுகளுக்கு அனுமதி அளித்தது. அந்நிய ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் லிபிய மண்ணில் கூடாது என்றது. ஆட்சியை மாற்ற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆதரவாக 10 வாக்குகள். எதிராக ஒன்றுமில்லை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஆகிய 5 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ஐந்து நாடுகளும் ஒரே செயலைச் செய்தன. ஆனால் அதன் எடை ஒன்றல்ல. ரஷ்யாவோ சீனாவோ எதிர்த்து வாக்களித்திருந்தால் தீர்மானம் அங்கேயே வீழ்ந்திருக்கும். எனவே அவை விலகி நின்றது, நடைமுறையில் வழிவிட்டது போன்றது. இந்தியாவிடம் வீட்டோ இல்லை. இந்தியாவின் விலகல் ஒரு நிலைப்பாட்டை அறிவித்தது, அவ்வளவே.

இந்தியா கூறிய காரணம் என்ன? களநிலைமை பற்றி நம்பகமான தகவல் போதுமானதாக இல்லை, ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புத் தூதரின் அறிக்கை இன்னும் வரவில்லை, இந்நிலையில் இவ்வளவு பெரிய நடவடிக்கைகளை அனுமதிப்பதா என்று இந்தியப் பிரதிநிதி கேட்டார். லிபியாவில் அப்போது ஏறத்தாழ 18,000 இந்தியர்கள் பணியாற்றி வந்தார்கள் என்பதையும் வகுப்பில் சொல்லலாம். பிப்ரவரி இறுதியிலிருந்து அவர்களில் 15,000க்கும் மேற்பட்டோரை இந்திய அரசு விமானங்களிலும் கப்பல்களிலும் மீட்டு வந்தது.

இரு தரப்பு வாதங்கள்

*தலையீட்டை ஆதரித்தோர்:* கடாஃபியின் படை பெங்காசியை நெருங்கிவிட்டது. இரக்கம் காட்ட மாட்டோம் என்று அவரே வானொலியில் அறிவித்தார். 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் சில நாள்களில் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை உலகம் மறக்கவில்லை. தன் மக்களைக் காக்க ஓர் அரசு வெளிப்படையாகத் தவறினால், பாதுகாப்பு அவை வழியாக உலக நாடுகள் செயல்படலாம் என்று 2005 உலக உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. ‘பாதுகாக்கும் பொறுப்பு’ எனப்படுவது இதுவே. இம்முறை அரபு லீக்கே கேட்டுக்கொண்டது.

*எதிர்த்தோர், ஐயுற்றோர்:* அதே வானொலி உரையில், ஆயுதத்தைக் கீழே போடுவோருக்குத் தீங்கு நேராது என்றும் கடாஃபி சொன்னார். பெங்காசி காப்பாற்றப்பட்ட பிறகும் குண்டுவீச்சு ஏழு மாதம் நீடித்தது. ஏப்ரலில் அமெரிக்க, பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்கள் மூவரும் கடாஃபி போக வேண்டும் என்று கூட்டாக எழுதினார்கள். பாதுகாப்பதற்குப் பெற்ற அனுமதி ஆட்சி மாற்றத்துக்குப் பயன்பட்டது. எட்டு வான்தாக்குதல்களில் பொதுமக்கள் 72 பேர் இறந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பதிவு செய்தது.

ஒரே உரையிலிருந்து இரு தரப்பும் தமக்கு வேண்டிய வரியை எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். ஊடகச் செய்தியை முழுமையாகப் படிக்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது.

கடாஃபிக்கு முன் இருந்த வழிகள்

ஏப்ரல் 10 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள் குழு திரிபோலி சென்றது. போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கொண்ட திட்டத்தைக் கடாஃபி ஏற்றார். மறுநாள் பெங்காசியில் கிளர்ச்சியாளர்கள் மறுத்துவிட்டனர். அவர் பதவி விலகுவது அதில் இல்லை என்பதே காரணம்.

வேறு நாட்டில் தஞ்சம் புகுந்திருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். பென் அலி சவூதி அரேபியா சென்று 2019இல் அங்கேயே இறந்தார். லைபீரியாவின் சார்லஸ் டெய்லர் 2003இல் நைஜீரியாவில் தஞ்சம் பெற்றார். 2006இல் கைதாகி, 2012இல் 50 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஈராக்கின் சதாம் உசேன் 2006இல் தூக்கிலிடப்பட்டார். சிரியாவின் பஷார் அல் அசாத் 2024 டிசம்பரில் மாஸ்கோவுக்குத் தப்பினார்.

இதில் ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. குற்றம் செய்த ஆட்சியாளர் தண்டனை பெற வேண்டும் என்பது நீதி. ஆனால் தப்பும் வழி எல்லாம் அடைபட்டால் அவர் கடைசிவரை சண்டையிடுவார். அதில் சாவது மக்கள். வழி திறந்துவிட்டால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி இல்லை. அபு சலீம் குடும்பங்களின் இடத்தில் நின்றும், முற்றுகையில் சிக்கிய மிஸ்ராட்டா நகர மக்களின் இடத்தில் நின்றும் மாணவர்கள் இதைப் பேசட்டும்.

கடாஃபியின் முடிவு இரண்டுக்கும் வெளியே அமைந்தது. சிர்ட்டிலிருந்து தப்பிய அவரது வாகன வரிசையை நேட்டோ விமானம் தாக்கியது. வடிகால் குழாயில் ஒளிந்தவரைக் கிளர்ச்சியாளர்கள் உயிருடன் பிடித்தார்கள். சிறிது நேரத்தில் அவர் இறந்து கிடந்தார். நீதிமன்றமும் விசாரணையும் இல்லாமல் முடிந்த அந்த நாள், புதிய லிபியாவின் தொடக்கமாகவும் அமைந்தது.

பிறகு நடந்தது

2012 ஜூலையில் தேர்தல் நடந்தது. ஆனால் ஆயுதக் குழுக்கள் கலையவில்லை. 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர். 2020 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தும் கிழக்கும் மேற்கும் தனித்தனி ஆட்சியின் கீழ் நின்றன. லிபியாவிலிருந்து ஆயுதங்கள் மாலி வரை பரவின. பெங்காசிக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2016இல் கூறியது. தலையீட்டுக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாததே தம் பதவிக்காலத்தின் மோசமான தவறு என்று ஒபாமா அதே ஆண்டில் சொன்னார்.

சிரியா விஷயத்தில் 2011 அக்டோபரில் வந்த தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. லிபிய அனுபவத்தை ரஷ்யா வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. ஆனால் சிரியாவிலும் போர் பல ஆண்டுகள் நீண்டு லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ‘தலையிடாவிட்டால் அமைதி’ என்று முடிவு கட்டவும் வரலாறு இடம் தருவதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு: மாதிரி பாதுகாப்பு அவை

1. வகுப்பை 15 குழுக்களாகப் பிரியுங்கள். 2011இன் உறுப்பு நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, கபோன், லெபனான், போஸ்னியா, போர்ச்சுக்கல், கொலம்பியா.
2. முதல் சுற்று: மார்ச் 17 வரையிலான செய்திகளை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நாடும் ஒரு நிமிடம் பேசி வாக்களிக்கட்டும். நிறைவேற 9 வாக்குகள் வேண்டும். நிரந்தர உறுப்பினர் எவரும் எதிர்க்கக் கூடாது.
3. இரண்டாம் சுற்று: ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான செய்திகள். தீர்மானத்தின் எல்லை மீறப்பட்டதா? சொற்களைக் காட்டி வாதிட வேண்டும்.
4. மூன்றாம் சுற்று: 2011க்குப் பிந்தைய செய்திகள். மீண்டும் வாக்களிக்க வாய்ப்பு வந்தால் முடிவை மாற்றுவீர்களா? தீர்மானத்தில் எந்த வரியைச் சேர்ப்பீர்கள்?

ஆசிரியர் கவனத்திற்கு

விவாதம் ‘கடாஃபி நல்லவரா, கெட்டவரா’ என்று திரும்பிவிடுவது இயல்பு. அப்போது மூன்று கேள்விகளைப் பலகையில் தனித்தனியே எழுதுங்கள். அவர் ஆட்சியில் நீடிக்கத் தகுதியுள்ளவரா? அவரை அகற்றும் உரிமை யாருக்கு? அகற்றிய பின் மக்களைக் காப்பது யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்பவர், அடுத்த இரண்டுக்கும் தானாக விடை சொல்லிவிட்டதாக ஆகாது. இந்த வேறுபாட்டை உணர்ந்த மாணவருக்கு நாளை வரும் வேறொரு நாட்டுச் செய்தியையும் நிதானமாகப் படிக்க முடியும்.

எந்த நாட்டின் வாக்கு சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கூறாமல் அளிக்கப்பட்ட வாக்கை மட்டும் ஏற்காதீர்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தீர்மானம் 1970க்கும் 1973க்கும் உள்ள முக்கிய வேறுபாடு என்ன?
2. சீனாவின் விலகலும் இந்தியாவின் விலகலும் ஒரே விளைவைத் தந்தனவா? விளக்குக.
3. ‘தேவையான எல்லா நடவடிக்கைகளும்’ என்ற சொற்றொடருக்கு நீங்கள் விதிக்கும் வரம்புகள் இரண்டைக் கூறுக.
4. கைதாணை அமைதிக்கு உதவுமா, தடையாகுமா? கடாஃபி, டெய்லர் ஆகியோரை எடுத்துக்காட்டி எழுதுக.