ஒலியடக்கி

தாம்பரத்திற்கு வடக்கே சானடோரியம் என்னும் பெயருடைய புகைவண்டி நிலையம் ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் காசநோயாளர்க்கென அவ்விடத்தில் ஒரு நலவாழ்வு மனை நிறுவினார். அதனாலேயே அவ்விடம் அப்பெயர் பெற்றது. தூய காற்றும் அமைதியுமே அந்நாளில் அந்நோய்க்குச் சிறந்த மருந்தெனக் கருதப்பட்டன. 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அம்மனை இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. ஆயின், அதனருகே செல்லும் ஜி.எஸ்.டி. பெருஞ்சாலையிலோ வண்டிகள் இரவும் பகலும் இடையறாது ஓடுகின்றன. நோயாளர் கண்ணுறங்க வேண்டுமாயின், அவ்வண்டிகள் தம் குரலை அடக்கிச் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் அடக்குவதற்கென அமைந்த கருவியே ஒலியடக்கி. மக்கள் அதனைச் சைலன்சர் என வழங்குவர்.

மோட்டார் வண்டியின் ஓசை எவ்வாறு பிறக்கின்றது? எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த வளியின் அழுத்தம் முற்றும் தணியுமுன்னரே வால்வு திறக்கின்றது. அடைபட்டிருந்த வளி வெளியே பாய்கின்றது. ஊதிய பை வெடிக்கும்போது எழும் ஓசை போன்றதே இவ்வோசையும். பெருங்களத்தூரில் முன்னர் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் ஹெரால்டு என்னும் கார் செய்யப்பட்டது. அதன் எஞ்சினில் உருளைகள் நான்கு. அத்தகைய எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், நொடிக்கு 100 முறை இவ்வெடிப்பு நிகழும்.

இவ்வோசையை அடக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, ஒலியைக் கொண்டே ஒலியை அடக்குதல். ஒலியடக்கியினுள் தடுப்புச் சுவர்களும் சிற்றறைகளும் உள்ளன. ஒலியலை சுவரில் மோதித் திரும்புகின்றது. திரும்பும் அலையின் பள்ளம் எதிர்வரும் அலையின் முகட்டோடு பொருந்துமாயின் இரண்டும் அடங்கிவிடும். தாழ்ந்த சுருதியுடைய ஒலிக்கு அலை நீளம் மிகுதி. ஆதலின் அதனை அடக்கும் அறையும் பெரிதாதல் வேண்டும். இரண்டாவது, ஒலியை உறிஞ்சுதல். துளைகள் நிறைந்த குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்து வைப்பர். ஒலி அவ்விழைகளுட் புகுந்து வெப்பமாக மாறி ஒடுங்கும். உயர்ந்த சுருதிக்கு இம்முறை ஏற்றது. இவ்விரு முறைகளையும் இணைத்துச் செய்யப்பட்ட ஒலியடக்கிகளும் உண்டு.

வளைந்து செல்லும் வழியில் வளிக்குத் தடை உண்டாகும். அதனைப் பின்னழுத்தம் என்பர். அதை எதிர்த்து வளியைத் தள்ளுவதற்கு எஞ்சின் தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கைச் செலவிட வேண்டும். இதனைக் கேட்ட இளைஞர் சிலர், ஒலியடக்கியைக் கழற்றிவிட்டால் வண்டி விரைந்தோடும் என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையே. பந்தய வண்டியின் எஞ்சின் மிகு வேகத்தில் சுழலுமாறு அமைந்தது. தடை குறைதல் அதற்கு நலந்தரும். நாள்தோறும் சாலையில் ஓடும் வண்டியின் நிலை வேறு. குழாயிலிருந்து திரும்பும் அலை வால்வு மூடுந் தறுவாயில் வந்து சேருமாயின், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதுக்காற்று உட்புக இடந்தரும். குழாயின் நீளமும் அகலமும் இதனை எண்ணி வகுக்கப்படுவன. அவ்வமைப்பைக் கண்டபடி மாற்றினால், குறைந்த வேகத்தில் வண்டியின் இழுவிசை தளர்தலும் கூடும். ஓசை பெருகியது கேட்டு ஆற்றல் பெருகியதென மயங்குவது செவியின் பிழை. நிறைகுடம் தளும்பாது என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்.

மோட்டார் வண்டிகள் யாவற்றிலும் ஒலியடக்கி இருத்தல் வேண்டும் என 1989ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகள் பணிக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடந்தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல் என்பது வரம்பு. 10 டெசிபெல் உயர்ந்தால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. ஒலிக்கட்டுப்பாட்டை மீறி வண்டி ஓட்டுவோர்க்கு 10,000 ரூபாய் வரை தண்டமோ, மூன்று திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகின்றது.

சாலையில் விரைபவனுக்கு அவ்வோசை சில நொடியில் மறைந்துபோகும். சானடோரியத்தில் மூச்சுவிட இயலாது படுத்திருக்கும் முதியவர்க்கோ, அரிதின் வந்த உறக்கம் அந்நொடியிலேயே கலைந்துபோகும். அவரை நினைந்து தன் வண்டியின் ஒலியடக்கியைப் பழுதின்றிக் காப்பவனே சாலைக்கு உரிய குடிமகன் ஆவான்.