வீட்டு வைஃபைக்கு வருகைப் பதிவேடு: சட்டம் கேட்டா, ரூட்டரால் கொடுக்க முடியுமா?

இந்த வார எபிசோடில் வேகமா ஓட்டிட்டுப் போன ஒரு விஷயத்தை, இங்கே கணக்கோட நிதானமா பார்ப்போம். கேள்வி இதுதான்: வீட்டு இணையத்தை யார், எப்போ பயன்படுத்தினாங்கன்னு வீட்டுக்காரரே பதிவு வைக்கணும்னு ஒரு சட்டம் வந்தா, அது நடைமுறையில் ஓடுமா?

இது சும்மா கற்பனை இல்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜான் கார்னினும், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லாமார் ஸ்மித்தும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றவாளிகளைப் பிடிப்பது அதன் நோக்கம். தற்காலிக இணைய முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற பதிவைச் சேவை தருபவர்கள் 2 வருஷம் வைத்திருக்கணும் என்றது. வீட்டு ரூட்டரும் முகவரி ஒதுக்கத்தானே செய்யுது, அப்போ வீடுகளும் இதில் வருமான்னு உடனே கேள்வி எழுந்தது. மசோதா சட்டமாகாமலே போனது.

1. நம்ம ஊரில் பழைய பழக்கம்

தாமுவேயில் வளர்ந்தவங்களுக்குப் பதிவேடு புதுசு இல்லை. ராத்திரி தங்க உறவுக்காரர் வந்தா வார்டு அலுவலகத்தில் சொல்லணும். 1907-ல் பிரிட்டிஷார் போட்ட சட்டங்களில் இருந்த இந்த விதி, 2012 வார்டு நிர்வாகச் சட்டத்திலும் தொடர்ந்தது. 2016-ல் எடுத்தாங்க. 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தாங்க.

இந்த முறையில் ஒன்றைக் கவனிங்க: பெயர் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரரோடது. கொடுக்கலைன்னா தண்டனையும் அவருக்குத்தான். இணையப் பதிவைக் குடும்பத்தின் தலையில் கட்டினாலும் இதே அமைப்புதான் வரும். ஆனா விருந்தாளிக்கு முகம் இருக்கு, பெயர் இருக்கு. ரூட்டர் பார்ப்பது என்ன?

2. ரூட்டருக்குத் தெரிந்தது

ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும், ரூட்டர் அதுக்கு 192.168.1.5 மாதிரி ஓர் உள்முகவரி கொடுக்கும். கூடவே அந்தப் போனின் மேக் முகவரியைக் குறிச்சுக்கும். அவ்வளவுதான். போனை வெச்சிருப்பது அப்பாவா, தங்கச்சியா, பக்கத்து வீட்டுப் பையனா என்று அதுக்குத் தெரியாது.

அந்த மேக் முகவரியும் நிலையானது இல்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான முகவரியை மறைச்சு, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறந்துட்டு மறுபடி சேர்ந்தா, சில போன்களில் அதுவும் மாறிடும்.

3. கணக்குப் போடுவோம்

2009 மசோதா கேட்ட மாதிரி முகவரி ஒதுக்கீட்டை மட்டும் எழுதினா, ஒரு நாளைக்குச் சில வரிதான். இடம் பிரச்சினையே இல்லை. போன தளங்களையும் எழுதச் சொன்னா?

5 போன் உள்ள வீடு. ஒவ்வொன்றும் நாளைக்கு 5,000 இணைப்பு திறக்குதுன்னு வெச்சுக்குவோம். (பின்னணியில் ஆப்கள் தொடர்ந்து பேசிக்கிட்டே இருக்கும்.) மொத்தம் 25,000 வரி. ஒரு வரிக்கு 200 பைட் என்றால் ஒரு நாளைக்கு 5 எம்பி. 2 வருஷத்துக்கு 3.6 ஜிபிக்கு மேல. விலை குறைந்த பல ரூட்டர்களில் மொத்தச் சேமிப்பே 8 அல்லது 16 எம்பிதான். அதிலும் பெரும்பகுதியை அதன் மென்பொருளே எடுத்துக்கும்.

அடுத்தது கரண்ட். இந்த மாதிரி ரூட்டர்கள் பதிவைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கும். மின்சாரம் போனா பதிவும் போயிடும். திரும்ப வரும்போது கடிகாரமே ஏதோ ஒரு பழைய தேதியில் தொடங்கும், இணையம் கிடைச்ச பிறகுதான் சரியாகும். யாங்கூனில் ஒரு வாரத்தில் எத்தனை தடவை இது நடக்கும்னு நீங்களே எண்ணிப் பாருங்க. நேரம் தப்பான பதிவு, சாட்சி சொல்ல உதவாது. தப்பான ஆளை வேணும்னா காட்டும்.

4. சங்கிலியில் மூணு கண்ணி

ஒரு பதிவிலிருந்து ஒரு வீட்டுக்கு வர மூணு கண்ணி வேணும்: இணையதளம் பார்த்த பொதுமுகவரி, அது எந்தச் சந்தாதாரருடையது, அந்த வீட்டில் எந்தக் கருவி. மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அங்கே போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் இரண்டாவது கண்ணி அறுந்துடும். விபிஎன் போட்டா முதல் கண்ணியே இல்லை. நிஜமாவே ஒளிய நினைக்கிறவர் சுலபமா நழுவிடுவார். பட்டியலில் மிஞ்சுவது சாதாரண வீட்டுக்காரர்.

5. சட்டங்கள் இப்போ எங்கே நிக்குது

வீடுகளைக் கேட்பதைவிட நிறுவனங்களைக் கேட்பது அரசுகளுக்குச் சுலபம். இந்தியாவின் 2011 சைபர் கஃபே விதிகள் வாடிக்கையாளர் பதிவேட்டைக் குறைந்தது 1 வருஷம் வைக்கச் சொல்கின்றன. 2022 ஏப்ரலில் சர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைக்கணும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துட்டுப் போனது.

மியான்மரின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025 ஜனவரி 1-ல் கையெழுத்தாகி, ஜூலை 30-ல் அமலுக்கு வந்தது. நாட்டில் 1 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளங்கள் பயனாளர் விவரத்தை 3 வருஷம் வரை சேமிக்கணும். அனுமதியில்லாமல் விபிஎன் அமைத்தாலோ, சேவை தந்தாலோ 1 முதல் 6 மாதச் சிறை, அல்லது 10 லட்சம் முதல் 1 கோடி சாட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8-ல் அவங்களுடைய பதிவுச் சேமிப்பு ஆணையையே ரத்து செய்தது. சந்தேகமே இல்லாத எல்லாருடைய விவரத்தையும் சேர்த்து வைப்பது அளவு மீறினது என்பது முக்கியக் காரணம்.

எந்தப் பதிவுச் சட்டம் வந்தாலும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க: யார் எழுதணும்? யார் படிக்கலாம்? எப்போ அழிக்கணும்? பதிவு இல்லைன்னா யாருக்குத் தண்டனை? முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் பதில் "வீட்டுக்காரர்" என்று வந்தா, பாரம் அப்பா அம்மா மேலதான். நம்ம பல வீடுகளில் இணைப்பு அவங்க பெயரில். ரூட்டர் கடவுச்சொல் நம்ம கையில்.

இந்த வார வேலை

ரூட்டர் பக்கத்துக்குப் போங்க. (முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.)

- நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் கடைக்காரர் கொடுத்ததேவா? மாத்துங்க.
- இணைந்த கருவிகளின் பட்டியலில் எத்தனையை உங்களால் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியுது?
- பதிவுப் பக்கத்தில் நேரம் சரியா இருக்கா? எத்தனை நாளுக்குப் பின்னால் போகுது?
- வருகிறவங்களுக்குத் தனி விருந்தினர் வைஃபை போட முடியுமா?

பார்த்ததை அம்மா அப்பாகிட்டேயும் காட்டுங்க. இணைப்பு யார் பெயரில் இருக்கோ, அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

அடுத்த வாரம், ஒரே பொதுமுகவரியை இத்தனை பேர் எப்படிப் பங்கு போட்டுக்கிறாங்கன்னு படம் போட்டுப் பார்ப்போம்.