வண்டி கழுவும் கூலி

விடியற்காலை நேரம். கொல்கத்தா நகரம்.

தெரு ஓரத்தில் ஒரு குழாய். தண்ணீர் பொங்கி வழிகிறது. ஒருவர் வாளியில் பிடிக்கிறார். மஞ்சள் டாக்சி மேல் ஊற்றுகிறார். துணியால் துடைக்கிறார்.

இவர் வண்டியின் சொந்தக்காரர் அல்ல. ஓட்டுநரும் அல்ல. அந்தத் தெருவில் மாதக் கூலிக்கு வண்டி கழுவுபவர்.

அது என்ன தண்ணீர்?

கொல்கத்தாவில் இரண்டு வகைக் குழாய்த் தண்ணீர் உண்டு. ஒன்று குடிநீர். இது பல்தா போன்ற இடங்களில் சுத்தம் செய்யப்பட்டு வருகிறது. மற்றொன்று ஹூக்ளி ஆற்றுத் தண்ணீர். மக்கள் இதைக் கங்கைத் தண்ணீர் என்பார்கள். ஹவுரா பாலத்தின் அருகே மல்லிக் காட் நீரேற்று நிலையம் இருக்கிறது. அது இந்தத் தண்ணீரை அனுப்புகிறது.

இது வடிகட்டாத தண்ணீர். தெருவைக் கழுவலாம். தீயை அணைக்கலாம். வண்டி கழுவவும் எடுக்கிறார்கள். ஆனால் குடிக்கக் கூடாது.

வண்டியை உடனே துடைக்கவும் கூடாது. மேலே மண் இருக்கும். உலர்ந்த துணி பட்டால் பெயிண்டில் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் கரைந்து ஓடிய பிறகு துடைக்க வேண்டும்.

சண்டை ஏன் வந்தது?

மாதம் முடிந்தது. வண்டிக்காரர் சொல்கிறார்: "தம்பி, நீ நாலு நாள் வரவில்லை."

கழுவுபவர் சொல்கிறார்: "இல்லை அண்ணே, ரெண்டு நாள்தான்."

யார் சொல்வது சரி? இருவரிடமும் எழுத்தில் எதுவும் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மாதக் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 நாள். ஒரு நாள் கூலி 20 ரூபாய். இரண்டு நாள் தகராறு என்றால் 40 ரூபாய். ஆறு வண்டியிலும் இப்படி ஆனால் 240 ரூபாய் போய்விடும். அது ஒரு வீட்டின் சில நாள் அரிசிச் செலவு.

முதலிலேயே பேசுங்கள்

1. மாதக் கூலி எவ்வளவு? எந்தத் தேதியில் தர வேண்டும்?
2. வெளியே மட்டுமா, உள்ளேயும் சுத்தம் செய்ய வேண்டுமா?
3. சோப்பும் துணியும் யார் வாங்குவது?
4. வாரத்தில் எந்த நாள் விடுமுறை? உடம்புக்கு முடியாத நாளில் கூலி உண்டா?

பேசியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை செய்த தேதியைத் தினமும் குறியுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதி வைத்தால் வீண் சண்டை வராது.

இதைச் செய்யாதீர்கள்

14 வயது நிறையாத குழந்தையை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

ஈரக் கையால் மின்சார மோட்டாரைத் தொடாதீர்கள்.

டேங்கர் லாரியின் தொட்டிக்குள் இறங்கிக் கழுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மூடிய தொட்டியில் விஷவாயு இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. சாக்கடைக் குழியும் அப்படித்தான்.

2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை இட்டது. கொல்கத்தா, சென்னை உட்பட 6 பெருநகரங்களில் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யக் கூடாது என்றது. நான்கு நாள்தான் ஆனது. பிப்ரவரி 2 அன்று கொல்கத்தாவின் பாந்தலா தோல் தொழிற்பகுதியில் சாக்கடைக் குழியில் இறங்கிய 3 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கூலி போனால் மறுபடி சம்பாதிக்கலாம். உயிர் போனால் வருமா?

யோசியுங்கள், எழுதுங்கள்

1. கங்கைத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாம்? எதற்குப் பயன்படுத்தக் கூடாது?
2. மாதக் கூலி 750 ரூபாய். ஒரு நாள் கூலி எவ்வளவு?
3. உங்கள் ஊரில் வண்டி கழுவுபவருக்கு என்ன கூலி? கேட்டு எழுதுங்கள்.