காகிதம் அடியில் இருக்க வேண்டும்

வரைந்து முடித்த படத்தின் மேல் ஒரு காகித டெக்ஸ்ச்சரைப் போர்த்திவிட்டால் அது வாட்டர்கலர் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புத்தகம் போடுகிற இடங்களிலேயே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையாளர் ஒரு சிறுவர் நூலுக்குக் கணினியில் நீர்வண்ணமாக வரைந்து கொடுத்த படங்கள் அச்சாகி வந்தபோது எங்கு பார்த்தாலும் ஒரே சொரசொரப்பு. குழந்தையின் கன்னம், வானம், குளத்துத் தண்ணீர், ஏன், எதுவும் தீட்டாமல் விட்ட வெள்ளைகூடத் தப்பவில்லை. படங்கள் வழவழவென்று இருக்கின்றன என்று வடிவமைப்பாளர் கடைசி நேரத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே டெக்ஸ்ச்சரை ஏற்றியிருந்தார். ஓவியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகத்தைப் புரட்டியவர்களோ ஓவியரைத்தான் குறை சொன்னார்கள்.

அது ஏன் தவறு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கரடான காகிதத்தில் மேடும் பள்ளமும் உண்டு. ஈர வண்ணம் பரவும்போது கனமான நிறமித் துகள்கள் பள்ளங்களில் போய்த் தங்குகின்றன. அல்ட்ராமரின் நீலம் உலர்ந்ததும் மணல் மணலாகத் தெரிவது இதனால்தான். தேலோ நீலத்தின் துகள்கள் மிக நுண்ணியவை. அதே காகிதத்தில் அது சீராகப் படிகிறது. ஆக, சொரசொரப்பு எங்கே, எவ்வளவு என்பதைக் காகிதம், நிறமி, நீர் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மேலிருந்து போர்த்தும் டெக்ஸ்ச்சருக்கு எந்த வண்ணம் எவ்வளவு ஈரத்தில் விழுந்தது என்பது தெரியாது. அது கன்னத்துக்கும் கருங்கல்லுக்கும் ஒரே புள்ளிகளைத்தான் வைக்கும்.

கணினி ஆய்வாளர்களுக்கு இது எப்போதோ தெரியும். 1997-இல் காசிடி கர்ட்டிஸும் சக ஆய்வாளர்களும் சிக்ராஃப் மாநாட்டில் நீர்வண்ணத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: காகிதத்தின் மேல் ஓடும் நீர், காகிதத்தில் படியும் நிறமி, காகிதத்துக்குள் ஊறும் ஈரம். அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காபிக் கறையின் ஓரம் ஏன் கருத்திருக்கிறது என்று நேச்சர் இதழில் விளக்கினார்கள். ஓரத்தில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓடுகிறது; போகும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. வாட்டர்கலர் தீட்டியவர்கள் எல்லோரும் அறிந்த அந்தக் கருத்த விளிம்புக்கும் இதுவே காரணம்.

இதைக் கணினியில் கொண்டுவருவதற்கான தொடக்க வேலைகளில் பெரிய நுட்பம் இல்லை. அச்சு அளவில் 300 டிபிஐ கோப்பு, அடியில் ஸ்கெட்ச் லேயர், அதன் மேல் வெளிறிய வாஷ், பிறகு நிழல்கள், கடைசியில் நுணுக்கங்கள். பேனா டேப்லெட்டில் வரைகிற யாருக்கும் இது கைவந்திருக்கும்.

கவனம் வேண்டியது பிரஷ்ஷில். டெக்ஸ்ச்சரைப் பிரஷ்ஷுக்குள் வைக்க வேண்டும். க்ரிட்டாவில் பிரஷ் அமைப்பிலேயே டெக்ஸ்ச்சர் பகுதி இருக்கிறது. ப்ரோக்ரியேட்டில் அதற்கு க்ரெய்ன் என்று பெயர். கல், மண், மேகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு ஒரு கரடான பிரஷ்ஷும், தோலுக்கும் பூவிதழுக்கும் டெக்ஸ்ச்சர் குறைந்த இன்னொன்றும் வைத்துக்கொண்டால் போதும். ரெபெல் போன்ற மென்பொருளில் நீரின் ஓட்டமே கணிக்கப்படுவதால் காகிதம் தன் வேலையைத் தானே செய்கிறது.

விளிம்பிலும் இதே போக்குதான். ஃபோட்டோஷாப்பின் வெட் எட்ஜஸ் வசதியை எல்லாத் தீற்றலுக்கும் போட்டுவைப்பவர்கள் உண்டு. உலர்ந்த காகிதத்தில் விழுந்த வண்ணத்துக்குத்தான் கூரான விளிம்பு வரும். ஈரத்தின் மேல் விழுந்தது கரைந்து போகும். ஒரு மரத்தின் ஒரு பக்கத்தைக் கூராக விட்டு, மறுபக்கத்தை ஸ்மட்ஜ் கருவியால் கரைத்தாலே பாதிப் படம் நம்பும்படி ஆகிவிடும்.

அடுத்தது வண்ணக் கலவை. வாஷ் மேல் வாஷ் ஏற்ற மல்ட்டிப்ளை மோடைப் பயன்படுத்தச் சொல்லாதவர் இல்லை. ஆனால் திரையின் சுத்த நீலத்தையும் (0, 0, 255) சுத்த மஞ்சளையும் (255, 255, 0) மல்ட்டிப்ளை செய்தால் வருவது கறுப்பு. சாதாரணமாகப் பாதிக்குப் பாதி கலந்தால் சாம்பல். பச்சை வராது. நீலத்தைச் சற்றுப் பச்சைப் பக்கம் தள்ளி (0, 160, 255) என்றும், மஞ்சளை (255, 230, 0) என்றும் வைத்தால் அதே மல்ட்டிப்ளை (0, 144, 0) என்ற பச்சையைத் தரும். நிஜ நிறமிகள் ஒளியை உறிஞ்சிச் சிதறடிப்பதைக் கணக்கிடும் குபெல்கா-முங்க் முறை 1931-லேயே வந்துவிட்டது. அதன் அடிப்படையில் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட மிக்ஸ்பாக்ஸ் முறை ரெபெல் 5 ப்ரோவில் சேர்க்கப்பட்டது. வசதி இருப்பவர்கள் அந்த மென்பொருளை வாங்கலாம். இல்லாதவர்களுக்கு மேலே சொன்ன எண்களே கைகொடுக்கும்.

வெள்ளைப் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. ஒளி விழும் இடங்களை முதலிலேயே மாஸ்க் போட்டு மறைத்துவிட வேண்டும். படம் முழுக்கத் தெரியும் வெளிச்சம் அந்தத் தீட்டாத காகிதத்திலிருந்துதான் வருகிறது. வடிவமைப்பாளர் ஏற்றிய டெக்ஸ்ச்சர் அந்தச் சிறுவர் நூலில் முதலில் கெடுத்தது அதைத்தான். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அச்சில் அழுக்குச் சாம்பலாக இறங்கியது.

அச்சுக்கு அனுப்பும்போது லேயர்களை ஒன்றாக்கிய ஒற்றைக் கோப்பாகவே கொடுக்க வேண்டும். சிஎம்ஒய்கே மாதிரிப் பார்வையில் நீலங்கள் மங்குகின்றனவா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். படத்தின் மேல் எதையும் சேர்க்கக் கூடாது, மாற்றம் தேவைப்பட்டால் ஓவியரே செய்வார் என்று வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும். இந்தக் கட்டுரையாளர் இப்போது அப்படி எழுதாமல் எந்த வேலையையும் எடுப்பதில்லை. அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு பதிப்பகத்தின் வேலையை வேண்டாமென்று திருப்பி அனுப்பியதில் அவருக்கு வருத்தமும் இல்லை.