மடிக்கணினியும் மின் சிக்கனமும்

2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தால், தண்டையார்பேட்டைத் தொழிலாளர் இல்லங்களுக்கும் நம் சிற்றூர்களுக்கும் மாணவர் வழியே மடிக்கணினி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில், நிவாரணப் பட்டியல் எழுதும் ஊராட்சிக்கு மின்கலத்தில் எஞ்சியிருப்பதே துணையாகும்.

மடிக்கணினியில் மின்சாரத்தை மிகுதியாக உட்கொள்வனவற்றுள் திரையும் ஒன்று. அதன் பின்னே எரியும் விளக்கே காரணம். 40 வாட்-மணி மின்கலம், 20 வாட் செலவில் 2 மணி நேரமே உழைக்கும். செலவு 10 வாட்டானால் 4 மணி நேரம் உழைக்கும். 2007இல் வெளிவந்த 'எக்ஸ்ஓ' என்னும் சிறுவர் கணினியின் திரையையோ, பின்விளக்கை அணைத்துவிட்டு வெயிலொளியிலேயே படிக்கலாம்.

ஆகவே உறுப்பினர்களும் உழவர்களும் திரையொளியைக் குறைத்து வைத்தல் வேண்டும். வேலையில்லாதபோது கணினியை அணைத்தல் வேண்டும். புதிதாக வாங்குமுன் எத்தனை வாட் செலவாகும் என்று கேட்டறிதல் வேண்டும். இன்று நாம் பழகும் சிக்கனமே புயல் நாளில் கைகொடுக்கும்.